கூலியும் சங்கமும் நெருக்கடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தொழிலாளி தன் உழைப்பால் சேர்த்துத் தரும் மதிப்புக்கு ஈடாகவே கூலி பெறுகிறார் என்கிறார்கள் தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்கள். அவர் சுரண்டப்படுகிறார் என்கிறார்கள் மார்க்சியர்கள். இரு தரப்பும் ஒரே தொழிற்சாலையைப் பார்த்துத்தான் பேசுகின்றனவா?

பதில்: தொழிற்சாலை ஒன்றுதான்; இரு தரப்பும் எழுப்பும் கேள்விகள்தான் வேறு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் பேட்ஸ் கிளார்க் 1899-இல் விரிவாக எடுத்துரைத்த இறுதிநிலை உற்பத்தித்திறன் கோட்பாடு, இன்னும் ஓர் ஆளை வேலைக்கு எடுத்தால் உற்பத்தியின் மதிப்பு எவ்வளவு கூடும் என்று கேட்கிறது. அந்தக் கூடுதலைவிடக் குறைவாகக் கொடுப்பவரிடமிருந்து ஆட்களைப் போட்டி முதலாளி இழுத்துக்கொள்வார். அதைவிட அதிகமாகக் கொடுப்பவர் நட்டம் தாங்காமல் ஆட்களைக் குறைப்பார். ஆகவே கூலி அந்த அளவிலேயே வந்து நிற்கும் என்பது அதன் வாதம்.

மார்க்ஸ் கேட்டதோ, எல்லாப் பண்டங்களும் உரிய மதிப்புக்கே விற்கப்பட்டாலும் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை. தொழிலாளி விற்பது குறிப்பிட்ட நேரத்துக்கான தன் உழைப்புச் சக்தியை. அதன் மதிப்பு அவரும் அவர் குடும்பமும் வாழத் தேவையான பொருட்களின் மதிப்பு. அதை 6 மணி நேரத்தில் ஈட்டிவிடக்கூடியவர் 12 மணி நேரம் வேலை செய்தால் மிச்சமுள்ள 6 மணி நேரத்தின் விளைவு முதலாளிக்குச் சேரும் உபரி மதிப்பாகிறது என்பது அவர் விடை. முதலாளி ஏமாற்றிப் பிடுங்குகிறார் என்பதல்ல மார்க்சின் குற்றச்சாட்டு. பேரம் நேர்மையாகவே நடந்தாலும் இந்த உபரி பிறக்கும் என்பதுதான். மேடைகளில் மார்க்சைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருசேர மறந்துவிடும் இடம் இது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டிலும் ஓட்டை உண்டு. உழைப்பு நேரத்திலிருந்து சந்தை விலைக்கு மார்க்ஸ் போட்ட பாலம் உறுதியானதா என்ற விவாதம் 1896-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் போம் பாவெர்க் தொடுத்த விமர்சனம் முதல் இன்றுவரை ஓயவில்லை. கிளார்க்கின் பக்கத்திலோ, இயந்திரம் உற்பத்தியைப் பெருக்குகிறது என்று காட்டுவது, அந்தப் பெருக்கம் இயந்திரத்தின் உடைமையாளருக்கு ஏன் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு விடையாகிவிடாது.

கேள்வி: சங்கம் போராடிக் கூலியை உயர்த்தினால் முதலாளி விலையை உயர்த்திவிடுவார், கடைசியில் தொழிலாளிக்கு ஒன்றும் மிஞ்சாது என்று படித்தவர்களே சொல்கிறார்களே?

பதில்: இந்த வாதத்தைத் தொழிலாளர் அரங்கிலேயே ஒருவர் எழுப்பியிருக்கிறார். 1865-இல் லண்டனில், முதலாம் அகிலம் எனப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொதுக்குழுவில், ஜான் வெஸ்டன் என்ற உறுப்பினர் கூலி உயர்வுக்கான போராட்டங்கள் வீண் என்று வாதிட்டார். அந்த ஜூன் மாதத்தில் மார்க்ஸ் அளித்த மறுப்புரை அவர் மறைவுக்குப் பின் 1898-இல் அச்சேறியது. அதில் அவர், முதலாளியின் விருப்பத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அவருடைய சக்தியையும் அந்தச் சக்தியின் எல்லையையும் ஆராய வேண்டும் என்றார். நினைத்தபோது விலையை ஏற்ற முடியும் என்றால், கூலி உயரும்வரை எந்த முதலாளியாவது காத்திருப்பாரா? பிறகு கணக்குக்கு வந்தார். 12 மணி நேர உழைப்பு 6 ஷில்லிங் புதிய மதிப்பைச் சேர்க்கிறது. அதில் 3 கூலி, 3 லாபம். கூலி 4 ஆனால் லாபம் 2 ஆகும். 6 என்ற மொத்தம் மாறாது. உயர்ந்த கூலி லாபத்திலிருந்துதான் வருகிறது, வாங்குபவரின் பையிலிருந்து அல்ல.

இதில் வேடிக்கை, தடையற்ற சந்தையின் பெரும் வழக்கறிஞரான மில்டன் ஃபிரீட்மனும் நீங்கள் குறிப்பிடும் கருத்தை ஏற்கவில்லை என்பதுதான். பொது விலைமட்டம் தொடர்ந்து ஏறுவதற்குக் காரணம் பணத்தின் அளவு பெருகுவதே, சங்கங்கள் அல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சங்கத்தால் யார் இழக்கிறார்கள் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். மார்க்சைப் பொறுத்தவரை இழப்பு முதலாளியுடையது. ஃபிரீட்மனின் பார்வையில், சங்கம் உள்ள தொழிலில் கூலி ஏறும்போது அங்கே இடம் கிடைக்காதவர்கள் மற்ற தொழில்களில் போய் நெருக்க, அங்கே கூலி இறங்குகிறது. ஆகவே இழப்பு சங்கத்துக்கு வெளியே உள்ள தொழிலாளியுடையது.

யார் சொல்வது சரி என்பதைக் கோட்பாட்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. முதலாளிகளிடையே மெய்யான போட்டி இருக்கும் இடத்தில் ஃபிரீட்மனின் எச்சரிக்கைக்கு வலு உண்டு. ஆட்களை எடுப்பவர் ஒருவராகவோ மிகச் சிலராகவோ இருந்தால் கூலி, உற்பத்தித்திறனுக்குக் கீழேயே அழுந்திக் கிடக்கும் என்பதை 1933-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் காட்டினார். அங்கே வேலைவாய்ப்பைக் குறைக்காமலேயே சங்கமோ சட்டமோ கூலியை உயர்த்த இடமுண்டு. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவுடன் ஒப்பிட்ட பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கே வேலைகள் குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். வேறு தரவுகளைக் கொண்டு நியூமார்க்கும் வாஷரும் அதை மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லையென்றாலும், கூலி உயர்ந்தால் வேலை போயே தீரும் என்று ஒரே போடாகப் போடுவது அதன்பின் கடினமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூலியை உயர்த்தக் கூடுவோரைத் தடுக்கச் சட்டங்கள் பல இருக்க, அதைக் குறைக்கக் கூடுவோரைத் தடுக்க ஒன்றுமில்லை என்று 1776-இல் எழுதியவர் ஆடம் ஸ்மித். அவர் பெயரைச் சொல்லிச் சங்கத்தை எதிர்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கேள்வி: ஹென்றி ஃபோர்டு கூலியை இரட்டிப்பாக்கியது, தன் தொழிலாளர்களே கார் வாங்க வேண்டும் என்பதற்காகத்தானா?

பதில்: அழகான கதை, ஆனால் கணக்கு ஒத்துவராது. தன் ஆட்கள் வாங்கும் சில ஆயிரம் கார்களால் அந்தக் கூலிச் செலவு ஈடாகாது. 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த நிறுவனம் 52,000-க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. தொடர் உற்பத்தி வரிசையின் வேகத்தைத் தாங்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1914-இல் அறிவித்த நாள் கூலியான 5 டாலரில் பாதிக்கும் மேலான பகுதி லாபப் பங்கு என்ற பெயரில்தான் தரப்பட்டது. வீட்டுக்கே வந்து விசாரிக்கும் அலுவலர்கள் ஒழுக்கமானவர் என்று ஒப்புக்கொண்டால்தான் அது கைக்கு வரும்.

கேள்வி: பொருளாதார நெருக்கடிக்குக் காரணம் கூலிக் குறைவா, கூலி மிகுதியா? நெருக்கடி வந்தபின் கூலியைக் குறைத்தால் அது தீருமா?

பதில்: கூலி குறைவதால் மக்கள் வாங்க முடியாமல் போய்ச் சரக்கு தேங்குவதே மார்க்சிய விளக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1885-இல் வெளிவந்த மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் மார்க்சே அதை மறுக்கிறார். கூலி பொதுவாக உயரும் காலத்தை அடுத்துத்தான் நெருக்கடிகள் வருகின்றன என்று சுட்டிக்காட்டுகிறார். முதல் தொகுதியில் அவர் தரும் சித்திரம் இது: மூலதனம் வேகமாகப் பெருகும்போது ஆட்களுக்குக் கிராக்கி கூடிக் கூலி ஏறும், அது லாபத்தை அரித்ததும் முதலீடு தளரும், வேலையிழந்தோரின் சேமப்பட்டாளம் பெருகும், கூலி மீண்டும் இறங்கும். லாபம்தான் முதலீட்டை ஓட்டுகிறது, லாபத்தை விழுங்கும் அளவுக்குக் கூலி ஏறினால் வண்டி நின்றுவிடும் என்பதைத் தடையற்ற சந்தைக்காரரும் மறுக்கமாட்டார். அதனால் சங்கம் அடங்க வேண்டும் என்பது அவர் முடிவு. அதனால் கூலிமுறையே ஒழிய வேண்டும் என்பது மார்க்சின் முடிவு. கூலியை உயர்த்திக்கொண்டே போனால் எல்லோருக்கும் நன்மை என்ற நடுநிலையாளரின் நம்பிக்கைக்கு இருவரிடமும் ஆதரவில்லை.

நெருக்கடியின் தொடக்கத்தைச் சந்தைத் தரப்பு வேறு இடத்தில் தேடுகிறது. அந்தத் தரப்பின் பொருளியலாளர் ஹாயெக்குக்கு அது, செயற்கையாகத் தாழ்த்தப்பட்ட வட்டி தூண்டிவிட்ட தவறான முதலீடு. ஃபிரீட்மனுக்கு, 1929 முதல் 1933 வரை அமெரிக்காவின் பணப்புழக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுருங்கவிட்ட மத்திய வங்கியின் தவறு.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தமே சோதனைக்களம். 1929 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஹூவர் பெரும் தொழிலதிபர்களை அழைத்துக் கூலியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஃபோர்டு உயர்த்தவே செய்தார். விலைகள் சரியும்போது கூலியைத் தாங்கிப் பிடித்ததுதான் வேலையின்மையைப் பெருக்கியது என்று சந்தைத் தரப்பில் சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் 1931 இலையுதிர் காலத்தில் யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் கூலியை 10 சதவீதம் குறைத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வேலைகள் திரும்பவில்லை, 1933-இல் உழைப்பாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒரு முதலாளி மட்டும் கூலியைக் குறைத்தால் அவருக்குச் செலவு மிச்சம். எல்லோரும் குறைத்தால் எல்லோருடைய விற்பனையும் விழும், பழைய கடனோ குறையாது. 1936-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ் பிடித்துக்கொண்ட நுனி இதுதான். அவர் இந்த இரு முகாம்களில் எதையும் சேராதவர்.