ஜாவாஸ்கிரிப்டில் '::' போட்டு பைண்ட் செய்யலாமா?

கேள்வி: கிளாஸில் எழுதிய மெத்தடை பட்டனின் கிளிக்குக்குக் கொடுத்தால் உள்ளே 'திஸ்' மாறிவிடுகிறது. எங்கு பார்த்தாலும் திஸ்ஸை மாறாமல் கட்டிவைக்கும் பைண்ட் எழுதி அலுத்துவிட்டது. கோடை மாற்றித் தரும் பேபெல் கருவியில் ப்ளகின் போட்டால் '::' குறியிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். புது ப்ராஜெக்டில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குறி இன்னும் மொழிக்குள் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் தரத்தை வகுக்கும் டிசி39 குழுவில் பல ஆண்டுகளாக முதல் படியான ஸ்டேஜ் 0-விலேயே கிடக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் அதை ஏற்காது. பிரவுசருக்கு அப்படியே போனால் சின்டாக்ஸ் எரர்தான்.

அது நகராததற்குக் காரணம் உண்டு. ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். '::கவுண்டர்.கூட்டு' என்று முன்னால் போட்டால், கவுண்டர் என்ற ஆப்ஜெக்டோடு பைண்ட் ஆன 'கூட்டு' ஃபங்ஷன் கிடைக்கும். 'பட்டியல்::வடிகட்டு(விதி)' என்று நடுவில் போட்டால், வெளியிலிருந்து இம்போர்ட் செய்த வடிகட்டு ஃபங்ஷன், பட்டியலை திஸ்ஸாக வைத்து ஓடும். ஆப்ஜெக்டுகள் மெத்தட்களைப் பகிர்ந்துகொள்ளும் ப்ரோட்டோடைப்பைத் தொடாமல் புது மெத்தட் சேர்த்த மாதிரி இருப்பதால் பலருக்கும் பிடித்தது இந்த இரண்டாவதுதான். ஆனால் அந்த ஃபங்ஷனைத் திஸ் வைத்தே எழுதியிருக்க வேண்டும். தனக்கென திஸ் இல்லாத ஏரோ ஃபங்ஷனைக் கொடுத்தால் பலிக்காது. இதே தேவைக்கு '|>' பைப்லைன் குறி 2021-இல் ஸ்டேஜ் 2-க்குப் போய்விட்டது. முதல் வேலையின் பெரும்பகுதியை 2015-இல் வந்த ஏரோ ஃபங்ஷனே பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று, உங்கள் தலைவலியை '::' முழுதாகத் தீர்க்கவும் தீர்க்காது. ஆட்ஈவன்ட்லிசனரில் '::கவுண்டர்.கூட்டு' கொடுத்துவிட்டு, ரிமூவ்ஈவன்ட்லிசனரிலும் அதையே எழுதிப் பாருங்கள், லிசனர் போகாது. ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷன் உருவாகிறது, இரண்டும் வேறு வேறு. பைண்டை அந்தந்த இடத்தில் எழுதினாலும் இதே கதைதான். எரர் எதுவும் வராது என்பதுதான் மோசம்.

திஸ் தொலைந்ததுகூட எல்லா இடத்திலும் எரராகத் தெரியாது. மேப்புக்கோ ப்ராமிஸின் தென்னுக்கோ மெத்தடைக் கொடுத்தால் திஸ் 'அன்டிஃபைன்ட்'; உடனே டைப்எரர் விழும். லிசனரிலோ திஸ் அந்த பட்டனாகவே இருக்கும். கூட்டுக்குள் இருக்கும் 'திஸ்.எண்++' பட்டன்மேல் ஓடி, அதில் 'நேன்' (எண் அல்ல) என்று சத்தமில்லாமல் எழுதிவிடும். கவுண்டர் பழைய எண்ணிலேயே நிற்கும்.

ஆகவே பைண்ட் ஒரே ஒரு முறை நடக்கட்டும். கன்ஸ்ட்ரக்டரில் 'திஸ்.கூட்டு = திஸ்.கூட்டு.பைண்ட்(திஸ்)' என்று எழுதி, சேர்க்கவும் நீக்கவும் 'திஸ்.கூட்டு'வையே கொடுங்கள். கிளாஸ் ஃபீல்டில் ஏரோ ஃபங்ஷனாகவும் எழுதலாம். 2022 தரத்திலிருந்து அது மொழியின் பகுதி. ஆனால் அப்படி எழுதியது ப்ரோட்டோடைப்பில் இருக்காது. சைல்ட் கிளாஸில் அதே பெயரில் மெத்தட் எழுதினால் பேரன்ட்டின் ஃபீல்டே ஜெயிக்கும், சூப்பர் வழியாகவும் அழைக்க முடியாது. இன்ஹெரிடன்ஸ் இருக்கும் இடத்தில் கன்ஸ்ட்ரக்டர் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய கோடில் '::' ஏற்கெனவே இருந்தால் தேடி எடுக்க முயலாதீர்கள்; ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் சிஎஸ்எஸ் '::பிஃபோர்' எல்லாம் சேர்ந்து வரும். ப்ளகினைக் கழற்றிவிட்டு பில்ட் ஓட்டுங்கள். எந்த ஃபைல், எந்த வரி என்று பார்சரே சொல்லும். ஒரு ஃபைலில் முதல் எரரோடு நின்றுவிடும் என்பதால், திருத்தித் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.