ரெண்டு பம்ப் இருந்தும் வண்டி ஏன் நிக்குது?

இந்த முறை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தப் பத்திதான், ஆஃப்ரோடு ரேஸ் வண்டிக்கு ஸ்பேர் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டறது. அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, பழைய கார்ப்ரேட்டர் ஜிப்சி ஒண்ண ஆஃப்ரோடு ரேஸுக்கு ரெடி பண்ணிட்டு இருக்கேன். எஞ்சின்ல இருந்த மெக்கானிக்கல் பம்ப கழட்டிட்டு எலக்ட்ரிக் பம்ப் போட்டாச்சு. நடு ரேஸ்ல அது போயிட்டா என்ன பண்றதுனு இன்னொண்ணும் வாங்கி வச்சிருக்கேன். ரெண்டையும் ஒரே ஹோஸ்ல வரிசையா மாட்டி ஒரே ஸ்விட்ச்ல ஓட விட்டா போதும்னு ஃப்ரெண்டு சொல்றான், சரியா? – திருப்பாப்புலியூர் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. வரிசையா மாட்டினா முதல் பம்ப் போனதும் ரெண்டாவது பம்ப் அந்த செத்த பம்ப் வழியாத்தான் பெட்ரோல இழுக்கணும். சில சின்ன பம்ப் நின்னிருந்தாலும் பெட்ரோல உள்ள விடும், ரோட்டர் வச்ச பம்ப் பெரும்பாலும் விடாது, அது ஜாம் ஆகி நின்னுச்சுன்னா சுத்தமா அடைப்புதான். ஒரே ஃபியூஸ்னா ஒரு பம்ப் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போனதும் நல்லா இருக்கற பம்பும் சேந்து படுத்துடும்.

ஸ்பேர் பம்ப்னு யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல பாக்கறது, ரெண்டுக்கும் நடுவுல பொதுவா என்னென்ன இருக்குங்கறதத்தான். பொதுவா இருக்கற ஒவ்வொண்ணும் ரெண்டு பம்பையும் ஒரே நேரத்துல நிறுத்தக்கூடியது.

டேங்க்லேர்ந்து ஆரம்பிங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு லைனா போகணும், அதாவது டேங்க்ல பெட்ரோல இழுக்கற பிக்கப் குழாய் ரெண்டு தனித்தனியா, ஒவ்வொண்ணுக்கும் பம்புக்கு முன்னாடி தனி ஃபில்டர், பம்புக்கு அப்புறம் ஒன்வே வால்வு, அதுக்கப்புறம்தான் ஒய் ஜாயின்ட்ல ரெண்டும் சேரணும். பம்புக்கு முன்னாடி 100 மைக்ரான் மாதிரி பெரிய கண்ணு ஃபில்டர் போதும், ரொம்ப நைஸ் ஃபில்டர் அங்க போட்டா பம்ப் இழுக்கவே திணறும். நைஸ் ஃபில்டர் பம்புக்கு பின்னாடி, கார்ப்ரேட்டருக்கு 40 மைக்ரான், அதையும் ஒய் ஜாயின்ட்டுக்கு முன்னாடியே ஒவ்வொரு லைன்லயும் போட்டுடுங்க. பழைய டேங்க் அடியில இருக்கற துருவும் மண்ணும்தான் பம்ப காலி பண்றது, அதே அழுக்கு பொது ஃபில்டர்ல அடைச்சிருந்தா ஸ்பேர் பம்ப ஆன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல, அதுவும் அதே அடைப்புலதான் முட்டும். ஒய் ஜாயின்ட்டுக்கு அப்புறம் கார்ப்ரேட்டர் வரைக்கும் ஒரே லைன்தான் போகும், அதத் தவிர்க்க முடியாது, பரவால்ல, அது வெறும் குழாய்தான், கல்லு அடிக்காத இடமா சேசிஸ்க்கு உள்பக்கம் கிளிப் போட்டு கொண்டு போங்க.

ஒன்வே வால்வ மட்டும் விட்டுடாதீங்க. வீட்ல போர் மோட்டாருக்கு என்ஆர்வி வால்வு போடறோம்ல, அதே வேலைதான். அது இல்லன்னா ஓடற பம்ப் தள்ளற பெட்ரோல் செத்த பம்ப் வழியா சுத்தி மறுபடியும் டேங்குக்கே போயிடலாம், பம்ப் சத்தம் ஜோரா கேக்கும், கார்ப்ரேட்டர்ல மட்டும் பெட்ரோல் இருக்காது. சில பம்புக்கு உள்ளயே வால்வு இருக்கும், இருந்தாலும் வெளியில ஒண்ணு போடுங்க, அம்புக்குறி எந்தப் பக்கம்னு பாத்து மாட்டுங்க.

பம்ப் டேங்குக்கு பக்கத்துல, பெட்ரோல் மட்டத்துக்கு கீழ இருக்கணும். எலக்ட்ரிக் பம்புக்கு தள்ளத்தான் நல்லா வரும், இழுக்கறது கஷ்டம். அதோட உள்ள போற பெட்ரோல்தான் பம்புக்கு கூலிங்கும் லூப்ரிகேஷனும், ஸ்பேர் பம்ப் காஞ்சு கிடந்து அவசரத்துக்கு ஆன் பண்ணி வறட்டா ஓடினா அது சீக்கிரமே போயிடும். சைலன்சர் பக்கம் வைக்காதீங்க, கீழ ஒரு தகடு போடுங்க, ரப்பர் புஷ் வச்சு மாட்டுங்க.

பெரிய பம்ப் தேடி அலையவும் வேணாம். 80 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் ஃபுல் த்ராட்டில்ல மணிக்கு ஏறக்குறைய 25 லிட்டர்தான் குடிக்கும், நிமிஷத்துக்கு 400 மில்லி சொச்சம். கார்ப்ரேட்டருக்கு 3லேர்ந்து 5 பிஎஸ்ஐ பிரஷர் போதும், அதுக்கு மேல தள்ளினா கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்த அடைக்கற ஃப்ளோட் நீடில் தாங்காம வழிய ஆரம்பிக்கும், சூடான எஞ்சின் மேல பெட்ரோல் வழியறது எவ்ளோ ஆபத்துனு சொல்லத் தேவையில்ல. மாட்டி முடிச்சதும் எஞ்சின் ஆறினப்புறம் திறந்த வெளியில, தீயணைப்பான பக்கத்துல வச்சுக்கிட்டு, இக்னிஷன் காயில் வயர கழட்டிட்டு, கார்ப்ரேட்டர் பக்கத்து ஹோஸ ஒரு மெட்டல் கேன்ல விட்டு ஒவ்வொரு பம்பையும் ஒரு நிமிஷம் தனியா ஓட்டி அளந்து பாருங்க. 800 மில்லிக்கு மேல வந்தா நிம்மதியா இருக்கலாம்.

கரண்ட் பக்கம் வந்தா ஒவ்வொரு பம்புக்கும் தனி ரிலே (ஸ்விட்ச்ல வர்ற சின்ன கரண்ட்ட வச்சு பம்போட பெரிய கரண்ட்ட ஆன் பண்றது), தனி ஃபியூஸ், தனி எர்த். நம்ம கடலூர் உப்புக் காத்துல முதல்ல போறது எர்த் போல்ட்தான், ரெண்டு பம்பையும் ஒரே போல்ட்ல எர்த் பண்ணி அது பச்ச பிடிச்சா ரெண்டும் காலி. சேசிஸ்ல வேற வேற இடத்துல பெயின்ட் சுரண்டி இறுக்கி மேல கிரீஸ் தடவுங்க. வயர் சன்னமா போடாதீங்க. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல 4 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனா கிட்டத்தட்ட அரை வோல்ட் அதுலயே போயிடும், அதே 4 சதுர மில்லிமீட்டர்னா 0.2 வோல்ட் கூட போகாது. வோல்டேஜ் குறைஞ்சா பம்ப் தள்ளறதும் குறையும். டேஷ்போர்டுல நடுவுல ஆஃப், மேல ஒண்ணு, கீழ ரெண்டுனு வர்ற டாகிள் ஸ்விட்ச் போட்டு ரிலேவ அதுல ஓட்டலாம். அந்த ஸ்விட்சும் பொதுதானேனு கேப்பீங்க, சரிதான், மனசு ஒப்பலன்னா தனித்தனியா ரெண்டு ஸ்விட்ச் போடுங்க, நான் அப்படித்தான் போடச் சொல்வேன்.

கேள்வி: எங்க வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி. டேங்குக்குள்ள ஒரிஜினல் பம்ப் இருக்கு. கார்ப்ரேட்டர் வண்டி பம்ப் ஒண்ணு சும்மா கிடக்கு, அத ஸ்பேரா வச்சுக்கலாமா? – வில்லியனூர் வாசகர்

பதில்: முடியாது. இன்ஜெக்ஷன் வண்டிக்கு சுமார் 3 பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேல வேணும், கார்ப்ரேட்டர் பம்ப் அதுல பத்துல ஒரு பங்குதான் கொடுக்கும், எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ஆனா அத தூக்கிப் போடாதீங்க. ஆஃப்ரோடுல வண்டி சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் காத்து இழுக்கும், இன்ஜெக்ஷன்ல ஒரு நொடி காத்து போனாலே எஞ்சின் மிஸ் அடிக்கும். அதுக்கு ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர்ல சின்னதா ஒரு சர்ஜ் டேங்க் வச்சு, மெயின் டேங்க்லேர்ந்து அத நிரப்பற வேலைய இந்த லோ பிரஷர் பம்புக்கு கொடுக்கலாம். சர்ஜ் டேங்குக்கு கீழ ரெண்டு ஹை பிரஷர் பம்ப் பக்கத்து பக்கத்துல, மேல சொன்ன அதே முறை. அப்போ நிரப்பற பம்ப் ஒண்ணே ஒண்ணா இருந்தா அது போனதும் எல்லாம் நிக்கும், அதனால அதுக்கும் ஒரு ஜோடி வேணும். ஹோஸ் இன்ஜெக்ஷன் பிரஷர் தாங்கற ஜே30 ஆர்9 வகையா பாத்து வாங்குங்க, சாதா பெட்ரோல் ஹோஸ் வேணவே வேணாம்.

கேள்வி: ரெண்டு பம்பையும் எப்பவும் சேத்தே ஓட விட்டா என்ன? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடிட்டே இருக்குமே. – அரியாங்குப்பம் வாசகர்

பதில்: கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல தேயும், ஒண்ணு எப்ப செத்துச்சுனு உங்களுக்குத் தெரியவே தெரியாது, கடைசில மிச்சம் இருக்கறது போகும்போதுதான் தெரியும். அதோட மிச்ச பெட்ரோல டேங்குக்கே கொண்டு போற ரிட்டர்ன் லைன் சின்னதா இருந்தா ரெண்டு பம்ப் தள்ளறத பிரஷர் ரெகுலேட்டர் திருப்பி அனுப்ப முடியாம பிரஷர் ஏறும், சுத்திச் சுத்தி வர்ற பெட்ரோலும் சூடாகும். ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ஓய்வா இருக்கட்டும். பிரஷர் கேஜும், பிரஷர் குறைஞ்சா எரியற சிவப்பு லைட்டும் கண் முன்னாடி இருக்கட்டும், எரிஞ்சதும் கை தானா ஸ்விட்சுக்குப் போகணும், அத ஓட்டறவரும் நேவிகேட்டரும் பழகிக்கணும். ஒவ்வொரு முறை வண்டிய எடுக்கும்போதும் ரெண்டு பம்பையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. எஞ்சின் பம்புக்கு துணையா எலக்ட்ரிக் பம்ப் வச்ச சின்ன விமானங்கள்ல பைலட் கிளம்பறதுக்கு முன்னாடி அதோட பிரஷர பாத்துட்டுத்தான் விமானத்த மேல ஏத்துவார், நாமளும் அப்படி இருக்கறதுல தப்பே இல்ல. 1967லேர்ந்து மெக்சிகோல நடக்கற பாஹா 1000 மாதிரி பாலைவன ரேஸ்ல நடுராத்திரி நின்னா உதவி வர எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, ஸ்பேர் பம்ப அங்க யாரும் ஆடம்பரமா நினைக்க மாட்டாங்க.

கேள்வி: ரெண்டு பம்ப், ரெண்டு ஃபில்டர், எல்லாம் தனித்தனியாத்தான் போட்டிருக்கு. முந்திரிக் காட்டுப் பக்கம் செம்மண்ல அரை மணி ஓட்டினதும் வண்டி நிக்குது, பம்ப மாத்தினாலும் அதே. கொஞ்ச நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகுது. – பண்ருட்டி வாசகர்

பதில்: அடுத்த தடவ நின்னதும் டேங்க் மூடிய மெதுவா திறங்க. உஸ்ஸுனு காத்து உள்ள போச்சுன்னா பம்ப்ல ஒண்ணும் இல்ல, டேங்க் பிரீதர் அடைச்சிருக்கு. பெட்ரோல் வெளிய போகப் போக காத்து உள்ள வரணும், வரலன்னா டேங்க் வாக்யூம் ஆகி எந்த பம்பாலயும் இழுக்க முடியாது. ரெண்டு பம்புக்கும் பொதுவா எல்லாரும் மறந்துட்டு விடறது இதத்தான். பிரீதர் குழாய உயரமா தூக்கி, முனையில சின்ன ஃபில்டரும் வண்டி கவுந்தா மூடிக்கற ரோல்ஓவர் வால்வும் போடுங்க. உஸ்ஸுனு வரலன்னா சூடுல பெட்ரோல் ஆவியாகி லைன்ல அடைக்குதானு பாருங்க, அக்னி நட்சத்திர வெயில்ல கார்ப்ரேட்டர் வண்டிக்கு இது சகஜம். எஞ்சின் பக்கத்து லைன தள்ளி வச்சு மேல ஹீட் ஸ்லீவ் போட்டு, டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைனும் கொடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

கேள்வி: பாண்டில விலை கம்மினு ஃபுல் டேங்க் போட்டுட்டு அடுத்த ரேஸ் வரைக்கும் நிறுத்தி வைக்கலாமா? – கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: வேணாம். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது ஈரத்த உறிஞ்சும், கடலோரத்துல மாசக்கணக்கா நின்னா தண்ணி அடியில தங்கி ஸ்பேர் பம்புக்குள்ளயே துரு பிடிக்கும். ஹோஸ், சீல் எல்லாம் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், தாங்கறதா பாத்துப் போடுங்க.

கேள்வி: என் பையன் இந்த மாதிரி வண்டி ஓட்டறான். ரெண்டு பம்ப்னு பெருமையா சொல்றான், வண்டி கவுந்தா ரெண்டும் பெட்ரோல ஊத்திட்டே இருக்குமோனு எனக்கு பயமா இருக்கு. – மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது. எஞ்சின் நின்னாலும் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா பம்ப் ஓடும். அதனால கட் பண்ற இடத்துல மட்டும் ரெண்டு பம்பும் பொதுவா இருந்தே ஆகணும். ஆயில் பிரஷர் வந்தாத்தான் ரெண்டு ரிலேவும் எடுக்கற மாதிரி ஒரு பிரஷர் ஸ்விட்ச் போடச் சொல்லுங்க, ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் ஸ்டார்ட்டர் லைன்லேர்ந்து கரண்ட் வரணும். டேஷ்போர்டு ஆயில் லைட்டுக்கு இருக்கற ஸ்விட்ச் இதுக்கு ஆகாது, அது பிரஷர் இல்லாதப்பதான் ஆன்ல இருக்கும், நேர்மாறா வேலை செய்யும். அப்புறம் மாஸ்டர் கட்ஆஃப் ஸ்விட்ச், வண்டிக்கு உள்ளயிருந்தும் வெளியயிருந்தும் இழுக்கற மாதிரி, அத இழுத்தா பேட்டரி, ஆல்டர்னேட்டர், ரெண்டு பம்ப், இக்னிஷன் எல்லாம் போகணும். தம்பிகிட்ட சொல்லுங்க, எஞ்சின் ஓடறப்ப உங்க கண் முன்னாடி அத இழுத்துக் காட்டட்டும், எஞ்சினும் நிக்கணும், எந்த பம்ப் ஸ்விட்ச போட்டாலும் பம்ப் சத்தம் வரக் கூடாது.