கூட்டத்துக்கு வருபவர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: ஆற்றோரக் குடியிருப்புகளில் வெள்ள இடரைக் குறைக்கும் திட்டமொன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். வல்லுநர்கள் தயாரித்த வரைபடத்தை வைத்துப் பலமுறை கூட்டம் நடத்திவிட்டோம். மக்கள் வருகிறார்கள், கேட்டுக்கொள்கிறார்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களை உண்மையிலேயே ஈடுபடுத்த என்ன செய்ய வேண்டும்?

பதில்: வரைபடத்தை முன்கூட்டியே முடித்து எடுத்துச் சென்றிருக்கிறீர்கள் என்பதால், அந்தக் கூட்டத்தில் மக்கள் தீர்மானிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பங்கேற்பைக் கையெழுத்துகளின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. மக்கள் சொன்னதன் விளைவாகத் திட்டத்தில் எது மாறியது என்ற ஒரே கேள்வியை உங்கள் குழு தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். விடையாக ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால், நடந்தது தகவல் அறிவிப்பு மட்டுமே.

அரங்கை விட்டு வெளியே வந்து, குடியிருப்பு முழுவதையும் மக்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். சென்ற வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் யாரும் மீட்டர் கணக்கில் சொல்ல மாட்டார்கள். ஒருவர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார், இன்னொருவர் சுவரில் படிந்த சேற்றுக் கறையைக் காட்டுவார். அந்த உயரங்களை மின்கம்பத்திலும் சுவரிலும் அங்கேயே வண்ணத்தால் குறித்துவிடுங்கள். தண்ணீர் முதலில் நுழையும் சந்து எது, அடைபட்டுக் கிடக்கும் மதகு எது, இரவில் எந்த வழி இருண்டு போகிறது, யாருடைய வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பவையெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாதவை. ஆனால் உயிர்கள் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் போகின்றன.

பெண்களையும், வாடகைக்குக் குடியிருப்போரையும், மாற்றுத்திறனாளிகளையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசுவது அவசியம், ஏனெனில் பொதுக்கூட்டத்தில் ஒலிப்பது பெரும்பாலும் செல்வாக்குள்ளவர்களின் குரல்தான். இதைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசமே சான்று. 1970-ஆம் ஆண்டுப் புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தனர்; அதன்பின் 1972-இல் தன்னார்வலர்களைக் கொண்ட புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் 1991-ஆம் ஆண்டுப் புயலில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகலிடங்கள் போதாமை ஒரு காரணம் என்றால், எச்சரிக்கையைக் கேட்டும் பலர் வீட்டை விட்டு அகலாதது இன்னொரு காரணம். புகலிடத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லை. கால்நடைகளையும் உடைமைகளையும் விட்டுச் செல்லவும் மனம் வரவில்லை. பிற்காலத்தில் கட்டப்பட்ட பல புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறைகளும் கால்நடைகளுக்கு இடமும் அமைந்தன. இன்று அந்தப் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். புகலிடங்களைக் கட்டுவதற்கு முன்பே அப்பகுதிப் பெண்களைக் கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

எச்சரிக்கையையும் மக்களோடு பேசி முடிவு செய்யுங்கள். கம்பத்தில் குறித்த எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் யார் யாருக்குச் சொல்வது, எவரை முதலில் அழைத்துச் செல்வது, எந்த வழியாகச் செல்வது என்பதை அவர்களே வகுக்க வேண்டும். பிறகு அதை இரவு நேரத்திலும் ஒத்திகை பார்க்க வேண்டும். தாங்களே வகுத்த விதி என்றால், மேலிடத்து ஆணைக்காகக் காத்திராமல் மக்கள் நகர்வார்கள். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் ஏற்பட்ட ஆழிப்பேரலையின் நினைவு, 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் தலைமுறைகளைக் கடந்து வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்ததும், எந்தக் கருவியின் எச்சரிக்கையும் இல்லாமலேயே மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் 7 பேர் மட்டுமே.

அதேவேளை, நினைவை மட்டுமே நம்பியிருப்பதும் இனி ஆபத்தானது. காலநிலை மாற்றத்தால் குறுகிய நேரத்தில் கொட்டும் கனமழை பல பகுதிகளில் கூடிவருகிறது. முதியவர் காட்டும் மிக உயர்ந்த கறையைத் தாண்டியும் தண்ணீர் வரக்கூடும். ஆகவே மக்கள் குறித்த கோட்டுக்கு மேலே, வானிலை, நீரியல் துறைகளின் கணிப்பு எந்த உயரத்தைச் சொல்கிறதோ அங்கே இன்னொரு கோட்டை வரைந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அந்த இடத்தில் நின்றே விளக்குங்கள். வல்லுநரின் வரைபடம் பயன்பட வேண்டிய இடம் இதுதான். பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்காக ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015-இல் ஏற்ற செண்டாய் செயல்திட்டமும் மரபறிவு அறிவியலுக்குத் துணைநிற்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

நிதியில் சிறு பகுதியையாவது குடியிருப்புக் குழுவின் முடிவுக்கு விட்டுவிட்டு, கணக்கைப் பொது இடத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். மதகைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்பதும் அங்கேயே தெளிவாகட்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் புதிய விளக்கப்படம் எதுவும் வேண்டாம். இதுவரை மக்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் பட்டியலிட்டு, ஏற்கப்பட்டவை எவை, மறுக்கப்பட்டவை எவை, மறுத்ததற்குக் காரணம் என்ன என்பதைப் படித்துக் காட்டிவிட்டு, மறுப்புகளை எதிர்த்து அவர்கள் வாதிடுவதற்கே மீதி நேரத்தை ஒதுக்குங்கள்.