‘ஏன் அடிச்சே?’ என்று கேட்டால் ஏழு வயதுக்குப் பதில் தெரியாது

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊரில் 2-ம் வகுப்பு டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தங்கள் உணர்வுகளைச் சொல்லத் தெரிய வேண்டும் என்று, சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் எல்லாம் வரைந்து ஒரு சார்ட் மாட்டினேன். கேட்டால் எல்லாரும் கோரஸாகச் சரியாகச் சொல்கிறார்கள். சண்டை என்று வந்தால் ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை. ஒரு பையன் ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை அடித்துக்கொண்டே இருக்கிறான்; ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்து நிற்பான். இன்னொரு பெண் பிள்ளைக்குத் திங்கள்கிழமை தவறாமல் வயிற்றுவலி. தலைமையாசிரியரோ, ‘முதல்ல வாசிக்க வைங்க டீச்சர், இதெல்லாம் அப்புறம்’ என்கிறார். நான் எங்கே தொடங்குவது?

பதில்: சார்ட்டில் ஒரு தப்பும் இல்லை டீச்சர், அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் முகத்தைப் பார்த்து ‘கோபம்’ என்று சொல்வது, மாம்பழப் படத்தைப் பார்த்து ‘மாம்பழம்’ என்று சொல்வது போலத்தான். தனக்குள் ஏதோ பொங்கி வரும்போது ‘ஓ, இதுதான் கோபமா’ என்று கண்டுகொள்வது வேறு வேலை. அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருக்கிற பெரியவர் ஒருவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பிள்ளைக்கு அது பிடிபடும். ஆகவே உங்கள் பாடவேளை சார்ட் முன்னால் இல்லை. ரப்பருக்கு நடக்கிற சண்டையிலும் சாப்பாட்டு வரிசைத் தள்ளுமுள்ளிலும் இருக்கிறது.

அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். இடைவேளை முடிந்து வந்து பார்க்கிறான். அவன் ரப்பரைப் பக்கத்தில் இருப்பவன் எடுத்து அழித்துக்கொண்டிருக்கிறான். கை ஓங்கியாயிற்று. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கையைத் தடுப்பது. ‘அடிக்க விடமாட்டேன்’ என்று சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பிறகு பேச்சு வேண்டாம். உட்கார்ந்து அவன் உயரத்துக்கு வாருங்கள், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: பிள்ளை கொதித்துக்கொண்டிருக்கும்போது உபதேசத்தைத் தொடங்கிவிடுகிறோம். யோசித்து, அடக்கி, முடிவெடுக்கிற முன்மூளை முழுதாக முதிர 25 வயது வாக்கில் ஆகிறது. 7 வயதில், அதுவும் கோபம் தலைக்கேறிய நேரத்தில், நாம் சொல்வது எதுவும் உள்ளே போகாது.

மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு ‘மூச்சை நல்லா இழுத்து விடு’ என்று சொன்னால் புரியாது. தென்னை ஓலையில் ஒரு காத்தாடி செய்து மேஜையில் வைத்திருங்கள். ‘இதை மெதுவா, ரொம்ப நேரம் சுத்துற மாதிரி ஊது’ என்றால் போதும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். சும்மா இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளும் இதை விளையாட்டாக ஊதிப் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கோபத்தில் இருப்பவன் காத்தாடியையும் பிய்த்துப் போட்டுவிடுவான்!

ஐந்து, பத்து நிமிடம் போகட்டும். முகம் இறங்கியிருக்கும். இப்போது பேச்சு இப்படிப் போகலாம்:

‘அவன் ரப்பரை எடுத்ததும் உடம்புல எப்படி இருந்துது மக்களே?’

‘சூடா.’

‘எங்க?’

‘காதுல.’

‘ரொம்பக் கோபம் வந்துதோ?’

‘இல்ல. அது அப்பா வாங்கித் தந்த ரப்பர்.’

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் ‘ஏன்’ என்று கேட்கவேயில்லை. ஏன் என்று கேட்டால் அந்த வயதுப் பிள்ளைக்கு அது விசாரணை. அடி விழுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும், அல்லது தப்பிக்க ஏதாவது ஒன்றைச் சொல்லும். உண்மையில் அதற்கே காரணம் தெரியாது. ஆனால் காது சூடானதும் கை இறுகியதும் தொண்டை அடைத்ததும் தெரியும். அதனால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, நீங்கள் சொன்னது ஊகம்தான், தீர்ப்பு இல்லை. ஊகம் தப்பாகப் போனால் ஒன்றும் குடி முழுகாது. பிள்ளை ‘இல்ல’ என்று திருத்தும். அப்படித் திருத்துகிற அந்த நொடியில்தான் அது தன் மனசைத் திரும்பிப் பார்க்கிறது. ‘நீ எப்பவுமே கோபக்காரன்’ என்று முத்திரை குத்திவிட்டால் திருத்த வழி இல்லை. பிள்ளை அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடி நடக்கத் தொடங்கும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2007-ல் கலிஃபோர்னியாவில் பெரியவர்களை வைத்து மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். பயந்த முகம், கோப முகம் ஆகியவற்றின் உணர்ச்சியை ஒரு சொல்லால் குறித்தபோது, அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிந்திருந்தது.

சொற்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ‘பேடியா (பயமா) இருக்கு’, ‘சங்கடமா இருக்கு’, ‘பிணங்கிட்டேன்’, ‘வெப்ராளமா (பதற்றமா) வருது’ என்று வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லட்டும். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதேதான். அழுதுகொண்டு பேசுகிற பிள்ளையின் தமிழைத் திருத்தப் போகாதீர்கள்.

அப்புறம் உங்கள் சொந்தப் பேச்சு. ‘டீச்சருக்கு இன்னைக்குத் தலைவலி, அதனால கொஞ்சம் எரிச்சலா இருக்கேன். உங்க மேல கோபம் இல்ல. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறேன்’ என்று நீங்கள் சொல்கிற இரண்டு வரியில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது: உணர்ச்சி, அதன் காரணம், அதற்கு என்ன செய்யலாம். வீட்டுக் கவலைகளை எல்லாம் வகுப்பில் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்கக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்ன எரிச்சலும் சந்தோஷமும் போதும்.

உணர்ச்சியைச் சொல்லப் பழக்குவது என்றால் இஷ்டத்துக்கு ஆட விடுவது என்று சில பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். கோபப்படலாம், அடிக்கக் கூடாது. இந்தக் கோடு கடைசிவரை மாறாது. ஆனால் ‘அடிக்காதே’ என்று மட்டும் சொன்னால் ஓங்கிய கைக்கு வேறு வேலை இல்லை. ‘என் ரப்பரைத் தா’ என்று சத்தமாகச் சொல்லலாம், டீச்சரிடம் வரலாம், காத்தாடி ஊதலாம் என்று சும்மா இருக்கிற நேரத்தில் நடித்துப் பார்க்க வையுங்கள். நேரடியாக அவனைப் பற்றிப் பேசினால் கூச்சப்படுவான். இரண்டு கை பொம்மைகள் ரப்பருக்குச் சண்டை போட்டால் வகுப்பே சேர்ந்து யோசனை சொல்லும். ‘ஸாரி சொல்லு’ என்று கட்டாயப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிடுங்கியவன் ரப்பரைத் திருப்பிக் கொடுக்கட்டும், தள்ளிவிட்டவன் சிதறிய பென்சில்களைப் பொறுக்கிக் கொடுக்கட்டும். உதட்டிலிருந்து வருகிற ஸாரியைவிட அது மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘ஆம்பளப் பிள்ள அழலாமா’ என்ற பேச்சு நம் பள்ளிகளில் இன்னும் சர்வசாதாரணம். அழக் கூடாது என்று தடுக்கப்பட்ட பையனின் சங்கடம் எல்லாம் கை வழியாகத்தான் வெளியே வரும். கோபமே ஆகாது என்று அடக்கப்பட்ட பெண் பிள்ளைக்குத் தலைவலி, வயிற்றுவலி.

சரி, ஏன் ஆகஸ்ட்? அந்தப் பையனின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கடல் தொழில் என்றால் கணக்கு இடிக்கவில்லை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். பள்ளி திறக்கிற நேரத்தில் அப்பா வீட்டில் இருக்கிறார், ரப்பர் வாங்கித் தருகிறார். ஆகஸ்ட் பிறந்ததும் படகு போய்விடுகிறது. ஆழ்கடலில் தங்கல் என்றால் திரும்பி வர வாரக்கணக்காகும், போனும் கிடைக்காது. (கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் இது முன்கூட்டியே வரும், அங்கே தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.) பெரியவர்களுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற தொழில். ஏழு வயதுக்கு அது நேற்றுவரை இருந்த ஆள் இன்று இல்லை என்பதுதான். இதேபோல, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் பெற்றோர் விடியுமுன்னே கிளம்பிவிடும் வீடுகள், அம்மா அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) ஓடுகிற வீடுகள், அப்பா வளைகுடாவில் இருக்கிற வீடுகள் என்று உங்கள் வகுப்பின் வரைபடம் ஒன்று உங்கள் மனதில் இருக்கட்டும். அது கோபத்துக்குச் சாக்கு ஆகாது. ஆனால் ஊகம் சரியான திசையில் போகும்.

அவனுக்கு ஒரு நோட்டு கொடுத்து, ‘அப்பா வந்ததும் காட்ட’ என்று தினம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். மீனோ படகோ வாங்கிய அடியோ, எதுவும் இருக்கலாம். கடலுக்குப் போக வேண்டாம் என்று புயல் எச்சரிக்கை வருகிற நாட்களில் கூடுதல் கவனம் தேவை. 2017 நவம்பர் 30-ல் அடித்த ஒக்கி இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்த பாட்டியின் முகம் தெரியும். ‘ஒண்ணும் இல்ல, போய் விளையாடு’ என்று தள்ளினால் பயம் போகாது, மறைந்துகொள்ளும். ‘காத்து அடிக்குன்னு பயமா இருக்கு, எனக்கும்தான். கரைக்கு வாங்கன்னு தகவல் சொல்லியிருக்காங்க’ என்று உங்களுக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்லுங்கள். எல்லாரும் பத்திரமாக வந்துவிடுவார்கள் என்று நம் கையில் இல்லாத வாக்கைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண் பிள்ளையின் வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளிவிட வேண்டாம். மனக்கலக்கம் வயிற்றில் வலியாகவே வரும், அது நிஜமான வலி. முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இதெல்லாம் சாதாரணமாக இருக்கும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கி வைக்கிற பிள்ளைகளும் உண்டு. அதெல்லாம் இல்லை என்றால், எந்த நேரத்தில் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று நாலைந்து வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். திங்கள் முதல் பாடவேளையில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறீர்களா? வண்டியில் பக்கத்தில் உட்காருவது யார்? சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடக்கிறது? நேராகக் கேட்டால் ‘தெரியல’ என்றுதான் வரும். படம் வரைந்துகொண்டே, சேர்ந்து கிரேயான் அடுக்கிக்கொண்டே பேச்சு கொடுங்கள். பிள்ளைகள் கண்ணுக்குக் கண் பார்க்காதபோதுதான் அதிகம் பேசும்.

ஒரு பிள்ளை தன் ரகசியத்தைச் சொல்ல வந்தால் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அதேசமயம் அது ஆசிரியர் அறையில் டீயோடு பேசுகிற கதையும் ஆகக் கூடாது. யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டதாகவோ அடித்துத் துன்புறுத்துவதாகவோ தெரிந்தால் நீங்களே துருவிக் கேட்க வேண்டாம். தலைமையாசிரியர் வழியாகவோ நேரடியாகவோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுங்கள். பாலியல் குற்றம் என்றால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவிப்பது நம் கடமை. திடீரென்று பேச்சு நின்றுபோவது, படுக்கையில் சிறுநீர் போவது நின்றிருந்து மறுபடி தொடங்குவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போக வேண்டும் என்று சொல்வது இவையெல்லாம் வகுப்பில் சரிசெய்கிற விஷயம் இல்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவசர ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம்.

கடைசியாக உங்கள் தலைமையாசிரியர். அவரோடு வாதம் வேண்டாம். 2011-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைச் சொல்லுங்கள்: பள்ளிகளில் நடந்த 213 உணர்வுப் பயிற்சித் திட்டங்கள், 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பயிற்சி பெற்றவர்கள் படிப்பிலும் 11 சதமானப் புள்ளி முன்னேறியிருந்தார்கள். அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை 11 பேரைத் தாண்டிய மாதிரி. வகுப்பு ஆசிரியர்களே நடத்திய திட்டங்களும் நன்றாகப் பலன் தந்தன. பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள் என்பதால் அந்த எண்ணை அப்படியே இங்கே எதிர்பார்க்க நான் சொல்லமாட்டேன். ஆனால் பாடத்துக்கு இது எதிரி என்ற பேச்சு எடுபடாது.

தனிப் பாடவேளையும் கேட்க வேண்டியதில்லை. வருகைப்பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்கிற பிள்ளை கூடவே கையையும் காட்டட்டும்: நன்றாக இருந்தால் கட்டைவிரல், சுமாராக இருந்தால் விரித்த கை, சரியில்லை என்றால் மூடிய கை. மூடிய கையைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் ‘என்னாச்சு’ என்று கேட்காதீர்கள். தலையை அசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். எழுத்து வேலை கொடுத்த பிறகு அந்தப் பிள்ளை பக்கம் போய்க் குனிந்து, முதலில் ‘காலைல சாப்டியா?’ என்று கேளுங்கள். பள்ளியில் காலை உணவு இருந்தாலும் தாமதமாக வந்தால் அது போய்விடுகிறது. மூடிய கைகளில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கும். மீதியை இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.