200 ரிங்கிட்டில் நல்ல ரௌட்டர் கிடைக்குமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. செந்தூலில் இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கிறோம். 300 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் லைன். முன்கூடத்தில் வைஃபை பறக்கிறது, சமையலறைக்குப் போனால் ஒரே ஒரு கோடுதான் காட்டுகிறது, மேலே பின்னறையில் மகள் ஆன்லைன் டியூஷனுக்கு உட்கார்ந்தால் டீச்சர் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. கடையில் கேட்டதற்கு ஆறு ஆன்டெனா வைத்த 650 ரிங்கிட் பெட்டியைக் காட்டினார்கள். அவ்வளவு நம்மால் முடியாது. 200 ரிங்கிட்டுக்குள் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? (வாசகி, செந்தூல்)

பதில்: இருக்கிறது சகோதரி. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலையைச் செய்து பாருங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு இப்போதுள்ள ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (ரௌட்டரின் இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள், அப்புறம் மகளின் அறைக்குப் போய் இன்னொரு முறை போடுங்கள். பக்கத்தில் 250க்கு மேல் வந்து, பின்னறையில் பத்து இருபது என்று விழுந்தால் லைனில் கோளாறு இல்லை, தூரமும் சுவரும்தான் காரணம். பக்கத்தில் நிற்கும்போதே 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அது வேறு நோய்: எங்கோ ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கிறது, இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் லேன் கேபிளில் ஒரு கம்பி போயிருக்கிறது. கேபிள்தான் காரணம் என்றால் ஐந்தோ பத்தோ ரிங்கிட்டில் வேலை முடிந்துவிடும்.

உங்கள் வீட்டில் முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வரிசை வீடுகளின் அமைப்பு அப்படி. அகலம் 20 அடி, நீளம் 70 அடி, ஃபைபர் கம்பி வருவது முன்வாசல் பக்கம். லைன் போட வருகிறவர் கம்பி உள்ளே நுழைந்த இடத்திலேயே, டிவிக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து உங்கள் பின்னறைக்குப் போக அலை இரண்டு மூன்று செங்கல் சுவர்களையும் மேல்மாடியின் கான்கிரீட் தளத்தையும் தாண்ட வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. எத்தனை ஆன்டெனா நட்டாலும் இது மாறாது. ரௌட்டர் எவ்வளவு சக்தியில் அலையை விடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது, 650 ரிங்கிட் பெட்டிக்கும் அதே வரம்புதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரௌட்டர் டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், மீன் தொட்டியை ஒட்டி இருந்தது. தண்ணீர் வைஃபை அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், அலமாரிக் கதவில் கண்ணாடி வேறு. பின்னறையில் 18 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்தது. புது ரௌட்டர் வாங்கலாம் என்று விலையெல்லாம் பார்த்துவிட்டேன், வாங்குவதற்கு முன் ஒரு 10 மீட்டர் லேன் கேபிளை மட்டும் வாங்கி வந்து, சுவரோரமாக இழுத்து, அதே ரௌட்டரை மாடிப்படிக்குக் கீழே காலணி அலமாரியின் மேல் வைத்தேன். பின்னறையில் 110 வந்தது. அதே பெட்டி, அதே லைன். மனைவி முதலில் கேபிள் கண்ணை உறுத்துகிறது என்றார், சுவர் நிறத்திலேயே பிளாஸ்டிக் டிரங்கிங் வாங்கி மூடிவிட்டோம்.

ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி, நாம் மோடம் என்று சொல்வது, சுவரோடு அங்கேயே இருக்கட்டும், அதிலிருந்து கேபிள் இழுத்து ரௌட்டரை மட்டும் நகர்த்தினால் போதும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் நகர்த்த முடியாது. அப்போதுதான் புது ரௌட்டர் தேவைப்படும்: அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து வீட்டின் நடுவிலோ மேல்மாடிப் பின்பக்கத்திலோ புதியதை வைத்து, அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இன்டர்நெட்டை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும்) என்று மாற்றிவிடுங்கள். சுவரில் செருகும் ரிப்பீட்டர் மலிவுதான், ஆனால் அது கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் அதைச் செருகினால் அந்தச் செத்த சிக்னலைத்தான் பெருக்கித் தரும். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மட்டும் மெஷ், அதாவது இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசி வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் முறை.

சரி, வாங்குவது என்றே முடிவு செய்துவிட்டால் 300 எம்பிபிஎஸ் லைனுக்கு வைஃபை 6 ரகத்தில் ஏஎக்ஸ்1500 என்று போட்டிருக்கும் ரௌட்டர் போதும், பொதுவாக உங்கள் 200 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். அந்த 1500 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், 3000 என்ற எண்ணைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 ஜிகாஹெர்ட்ஸில் 1201, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கினால் 1500. உங்கள் கைப்பேசி ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். ஏஎக்ஸ்3000 என்பது 574உம் 2402உம். அந்த 2402ஐ எட்ட 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலைப் பிடிக்கும் கருவி வேண்டும், பெரும்பாலான கைப்பேசிகள் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இதெல்லாம் காகிதக் கணக்கு, கையில் கிடைப்பது இதைவிடக் குறைவுதான். உங்கள் 300க்கு அது தாராளம்.

எண்ணைவிட முக்கியம் பெட்டியின் பின்பக்கம். போர்ட் எல்லாம் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸா என்று கேளுங்கள், விற்பவர் தலையாட்டினால் போதாது, அட்டையில் 10/100/1000 என்று அச்சாகியிருக்க வேண்டும். 10/100 என்று முடிந்தால் கீழே வைத்துவிடுங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டிலும் ஏசி1200 (முந்தைய வைஃபை 5 ரகம்) என்றுதான் போட்டிருக்கும், ஆனால் சி50இன் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ், சி6இன் போர்ட்கள் கிகாபிட். சி50ஐ வாங்கி மாட்டினால் நீங்கள் 300க்குப் பணம் கட்டுவீர்கள், வீட்டுக்குள் வருவது 95ஆக இருக்கும். 30 எம்பிபிஎஸ் லைன் வைத்திருப்பவருக்கு அதே சி50 ஒரு குறையும் வைக்காது, அவர் அதில் காசை மிச்சம் பிடிக்கலாம். அதனால்தான் எந்த ரௌட்டர் நல்லது என்று கேட்கிறவர்களிடம் முதலில் உங்கள் லைன் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறேன்.

அடியில் சிரிம் (தரச் சான்று தரும் நிறுவனம்) சான்று பெற்றதற்கான எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) முத்திரை இருக்கிறதா, வாரண்டி உள்ளூர் வாரண்டியா என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: அண்ணே, ஆன்லைனில் ரௌட்டர் வாங்கினேன். எங்களுடையது யூனிஃபை லைன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வைஃபை பெயர் வருகிறது, இன்டர்நெட் வரவே இல்லை. ஓட்டை ரௌட்டரை அனுப்பிவிட்டார்களா? (வாசகர், பிறை)

பதில்: திருப்பி அனுப்பாதீர்கள் தம்பி, ரௌட்டர் நன்றாகத்தான் இருக்கும். யூனிஃபை ஃபைபரில் இன்டர்நெட் ஒரு தனித் தடத்திலும் டிவி இன்னொரு தடத்திலும் வருகிறது. விலேன் என்பார்கள். இன்டர்நெட்டுக்கு 500, டிவிக்கு 600. மேக்சிஸ் ஃபைபராக இருந்தால் இன்டர்நெட்டுக்கு 621. புது ரௌட்டருக்கு இந்த எண் தெரியாதவரை அது வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ரௌட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஐபிடிவி (இன்டர்நெட் லைன் வழியாக வரும் டிவி) அல்லது விலேன் என்ற பகுதிக்குப் போங்கள். டிபி-லிங்க், ஆசுஸ் போன்றவற்றின் பல மாடல்களில் யூனிஃபை, மேக்சிஸ் என்று பெயரே பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் எண்களை அதுவே போட்டுக்கொள்ளும். பெயர் இல்லையென்றால் 500ஐ நீங்களே அடிக்கலாம். பிறகு இன்டர்நெட் பகுதியில் பிபிபிஓஇ (யூசர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் இணைப்பு முறை) என்பதை எடுத்து, லைன் போட்டபோது கொடுத்த யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். யூசர் பெயர் @யூனிஃபை என்று முடியும், ஆங்கிலத்தில் அப்படியே அடிக்க வேண்டும். அந்தத் தாள் தொலைந்துபோயிருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டு வாங்கி, இந்த முறை கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் விற்பதற்காகச் செய்த ரௌட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், செட்டிங் பக்கம் முழுக்கச் சீன எழுத்தாக இருக்கும், விலேன் பகுதி இல்லாமலும் போகலாம். முப்பது நாற்பது ரிங்கிட் மிச்சத்துக்காக அந்தத் தொல்லை வேண்டாம்.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பகலில் வைஃபை நன்றாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு மேல் இழுக்கிறது. வைஃபை 7 வாங்கினால் சரியாகுமா? (வாசகர், பினாங்கு)

பதில்: வைஃபை தேடும் பக்கத்தை இரவில் திறந்து பாருங்கள், மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று இருபது முப்பது பெயர்கள் நிற்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அத்தனை வீடுகளும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துப் பேசுகின்றன, எட்டு மணிக்கு எல்லாரும் வேலை முடிந்து வந்து டிவியைப் போடுகிறார்கள். கைப்பேசி, டிவி, லேப்டாப் மூன்றையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவரைத் தாண்டத் திணறும் அதே குணம் இங்கே உங்களுக்குச் சாதகம், அண்டை வீட்டு அலையும் அவ்வளவாக உள்ளே வராது. அடுக்குமாடி வீடு சிறியது, ஒரு ரௌட்டர் நடுவில் இருந்தால் எல்லா அறைக்கும் எட்டும்.

வைஃபை 7க்கான சான்றிதழ் தரத் தொடங்கியதே 2024 ஜனவரியில்தான். அதன் பலனை முழுமையாக அனுபவிக்கக் கைப்பேசியும் அதே ரகமாக இருக்க வேண்டும். இப்போதைக்கு அந்தப் பணம் உங்கள் பையில் இருக்கட்டும். இன்னொன்று, கேபிளில் லேப்டாப்பைச் செருகி அதே எட்டு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். கேபிளிலும் இழுத்தால் பிரச்சினை ரௌட்டரில் இல்லை, லைன் நிறுவனத்தில் புகார் கொடுக்க வேண்டும், அந்த எண்களைக் குறித்துவைத்தால் பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: புது ரௌட்டர் போட்டதிலிருந்து வாசல் கேமரா வைஃபையில் சேர மறுக்கிறது. (வாசகி, பத்துமலை)

பதில்: பெரும்பாலான மலிவுக் கேமராக்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புது ரௌட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும், செட்டிங்கில் அதைப் பிரித்து 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் கேமராவைச் சேருங்கள். அப்படியும் மறுத்தால் அந்தப் பெயருக்குப் பாஸ்வேர்டு பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள், பழைய கேமராக்கள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 பிடிபடாது.

கேள்வி: போன வாரம் இடி இடித்தபோது ரௌட்டர் அணைந்துவிட்டது, அப்புறம் விளக்கே எரியவில்லை. ஃபைபர் லைனுக்கு மின்னல் பயமில்லை என்றார்களே? (வாசகர், கிள்ளான்)

பதில்: பாதிதான் சரி ஐயா. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. பழைய தொலைபேசிக் கம்பி லைனில் மின்னல் அந்தக் கம்பி வழியாகவே மோடமுக்குள் வந்துவிடும், அந்த ஆபத்து இப்போது போய்விட்டது. ஆனால் ரௌட்டருக்கு மின்சாரம் வருவது சுவர் பிளக்கிலிருந்து, அந்த வழி திறந்தேதான் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை இடியில் எங்கள் ரௌட்டரின் லேன் போர்ட் ஒன்று போனது, அந்தப் போர்ட்டிலிருந்து கேபிள் போன டிவியின் நெட்வொர்க் போர்ட்டும் சேர்ந்தே போனது. அதிலிருந்து வானம் கறுக்கும்போதே மோடம், ரௌட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுப்பது) உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டுவதும் நல்லது, ஆனால் பக்கத்தில் விழும் இடியை அது முழுமையாகத் தடுக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

விளக்கே எரியவில்லை என்கிறீர்கள், அப்படியானால் புது ரௌட்டருக்குக் கிளம்புவதற்கு முன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். இடியில் அது மட்டும் செத்து, ரௌட்டர் பிழைத்திருப்பது உண்டு. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று எழுதி 12 வோல்ட் 1 ஆம்பியர், 9 வோல்ட் 0.6 ஆம்பியர் என்று ஏதாவது இருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் தடிமனும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். பழைய அடாப்டரையும் ரௌட்டரையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அங்கேயே செருகிப் பார்த்து, விளக்கு எரிந்தால் அடாப்டருக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.