கம்போடியாவில் இலவச மருத்துவ முகாம்: மருத்துவர் அல்லாதவர்கள் போய் என்ன செய்யலாம்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்த் திருச்சபையைச் சேர்ந்தவள் நான். வயது 46. செம்பனை ஆலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். அடுத்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து 14 பேர் கம்போடியாவுக்குப் போய், ஒரு கிராமத்துச் சபையோடு சேர்ந்து மூன்று நாள் இலவச மருத்துவ முகாம் நடத்த இருக்கிறோம். எங்களில் ஒருவர் மருத்துவர், இருவர் தாதியர். மற்றவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள். சபையார் வீட்டில் மிஞ்சிய மருந்துகளைக் கொண்டுவந்து கொடுத்ததில் இரண்டு பெட்டி நிறைந்துவிட்டது. எங்களால் அங்கே உண்மையில் பயன் உண்டா? டிக்கெட் காசை அனுப்பிவிடுவது மேலா? நோயாளிகளோடு ஜெபிக்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை கம்போடியாவுக்குப் போகக் கூடாது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நம் அரசாங்கக் கிளினிக்கில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதக் கணக்கில் மருந்து கிடைக்கிறது. பாதி உள்ளே போகிறது, பாதி பிஸ்கட் டின்னில் தங்கிவிடுகிறது. அந்த டின் இத்தனை நாள் அடுப்பருகில் இருந்ததா, வெயில் படும் சன்னலில் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஒரு நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும், லேபிள் அங்குள்ள சுகாதாரப் பணியாளருக்குப் புரிய வேண்டும் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டி வலியுறுத்துபவை. உங்கள் பெட்டிகள் இந்தச் சோதனையில் தேறமாட்டா. டிரமடோல், டயாஸெபாம் போன்ற, பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய வலி, தூக்க மாத்திரைகள் உள்ளே கலந்திருந்தால், பெட்டியைத் தூக்கிவந்தவர் சுங்கத்தில் பதில் சொல்ல நேரும். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்கள் மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன; அங்கே ஒப்படையுங்கள். கூடவே, இரத்த அழுத்த மாத்திரை இவ்வளவு மிஞ்சியது எப்படி என்று கொடுத்தவர்களிடம் கேளுங்கள். உங்கள் முதல் நோயாளிகள் உங்கள் சபையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முகாமுக்கு வேண்டிய மருந்துகளை அங்கே உள்ள மருந்தாளுநர் வழியாகக் கம்போடியாவிலேயே வாங்குங்கள். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரையையே நீங்களும் கொடுத்தால்தான் நீங்கள் கிளம்பிய பிறகும் அது தொடரும்.

பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். இதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே பதில் கிடைக்கும். தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் பெரிய டாக்டர் குறித்த நாளில் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் லயத்திலிருந்து ஓடிப்போய் எல்லாரும் தட்டியது, தோட்டத்திலேயே குடியிருந்த மருத்துவ உதவியாளரான டிரெசர் வீட்டுக் கதவைத்தான். நீங்கள் போகும் கிராமத்துக்கு நீங்கள் காரில் வரும் டாக்டர். டிரெசர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்: கம்யூன் (சில கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) சுகாதார நிலையத்தின் தாதியாக, மருத்துவச்சியாக, கிராமத்துச் சுகாதாரத் தொண்டராக. உங்கள் மூன்று நாளும் அவர்கள் கையை வலுப்படுத்தினால் பயன் உண்டு. அவர்களை ஓரங்கட்டிவிட்டு, வெளிநாட்டு மருந்துதான் உயர்ந்தது என்ற எண்ணத்தை ஊரில் விதைத்துவிட்டு வந்தால் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வந்து போகிறவர்களாலும் நிலைத்த பலன் தர முடியும். 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர், சுற்றுக் கிராமங்களுக்குச் சாலையோர மருத்துவமாகவும் அதைக் கொண்டு சென்றார். அதே சாலை, அதே நிறுத்தங்கள், வாரம் தவறாமல். கட்டு மாற்ற வேண்டியவருக்கு அடுத்த முறை எப்போது என்பது தெரிந்திருந்தது. ஆகவே ஆண்டுக்கொரு புது நாடு என்று அலையாமல் ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போகத் திட்டமிடுங்கள்.

இனி மருத்துவரும் தாதியரும் அல்லாத உங்கள் பதினொரு பேர். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசி ஒரு நோயாளியைச் சரியாகப் பார்க்க எட்டு நிமிடமாவது வேண்டும். ஆறு மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்தாலும் ஒரு மருத்துவர் ஒரு நாளில் 45 பேரைத்தான் பார்க்க முடியும். அவரைச் சுற்றிப் பதினொரு உதவியாளர்கள் நின்றால் கூட்டம்தான் மிஞ்சும். மொத்தம் எட்டுப் பேர் போங்கள். மீதி ஆறு டிக்கெட்டின் காசில் கம்போடியாவின் கெமர் மொழிக்கு நல்ல மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்துங்கள். அவர்கள் இல்லாமல் ஒருவரையும் சரியாகப் பார்க்க முடியாது.

கணக்கரான உங்களுக்கு நான் தரும் இடம் பதிவு மேசை. அதைச் சின்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். பெயர், வயது, கிராமம், தொலைபேசி எண், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, பெண்களானால் கர்ப்பமா என்பது, இவற்றோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வீட்டில் ஐடிபுவர் அட்டை இருக்கிறதா? ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுத்துக் கம்போடிய அரசு தரும் அட்டை அது. அதைக் காட்டினால் அரசாங்கச் சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும் இலவசச் சிகிச்சை கிடைக்கும். அட்டை இருந்தும் அதன் பயன் தெரியாத ஒரு பாட்டிக்கு அதை எடுத்துச் சொல்லி அனுப்புவது, ஐந்து நாள் மாத்திரையைக் கையில் திணிப்பதைவிட மேலான மருத்துவம். குழந்தைகளானால் புனோம் பென்னிலும் சியெம் ரியாப்பிலும் உள்ள கந்தா போஃபா மருத்துவமனைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

இரத்த அழுத்தம் பார்ப்பதை மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். கருவியின் பொத்தானை அழுத்த யாருக்கும் தெரியும். ஆளை உட்கார வைப்பதில்தான் தவறு நடக்கிறது. வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், ஒரு கால் மேல் இன்னொன்றைப் போடக் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும், பேச்சு கூடாது. பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றக் கூடாது. இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் பழகுங்கள். 2023 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை பார்க்கவும் ஊரில் ஆள் குறைவிருக்காது. ஆலையைச் சுற்றியுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அழையுங்கள். மொழி புரியாதவரை அளந்து பழக அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது, அவர்களுக்கும் தேவை இருக்கிறது.

சர்க்கரை அளவில் ஒரு கண்ணி உண்டு. நம் கருவிகள் மில்லிமோலில் காட்டும். பல நாடுகளில் மில்லிகிராம் கணக்கு புழங்குகிறது. நம்முடைய 11.1 அங்கே 200. அலகு எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். 18 ஆல் பெருக்கி இரண்டையும் எழுதிவிடுங்கள்.

மருத்துவர் அல்லாதவர்கள் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உதவும் வாசிப்புக் கண்ணாடி கொடுப்பது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் கண் தெரியாது. +1 முதல் +3 வரை பவர் உள்ள ஆயத்தக் கண்ணாடி போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தி 2018 இல் வெளியான ஆய்வில், கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. தோட்டத்து மக்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. கண் சிவந்தவர், வலியுள்ளவர், விழியில் வெண்மை படர்ந்தவர் மட்டும் மருத்துவரிடம் போகட்டும்.

ஊசி போடச் சொல்லிக் கேட்பார்கள். மாத்திரையைவிட ஊசியில் நம்பிக்கை உள்ள ஊர்கள் அங்கே உண்டு. தவிர்க்க முடியாத அவசரம் தவிர முகாமில் ஊசியே வேண்டாம். பட்டம்பாங் மாகாணத்தின் ரோக்கா என்ற இடத்தில், உரிமம் இல்லாத ஒருவர் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் 200 பேருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்றியது 2014 இறுதியில் தெரியவந்தது. குழந்தைகளும் முதியவர்களும் அதில் இருந்தார்கள். அந்த மக்களிடம் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஊசிமுனையும் ஆளுக்கொன்று. குத்தியதும் மூடிய கூர்முனைப் பெட்டிக்குள் போக வேண்டும்.

உரிமம் இல்லாதவரால் இப்படி நேர்ந்த நாடு என்பதால், உங்கள் மருத்துவரும் தாதியரும் சுற்றுலாப் பயணியாக நுழைந்து வைத்தியம் பார்க்கக் கூடாது. மாகாணச் சுகாதாரத் துறையின் எழுத்து மூலமான அனுமதி கையில் இருக்க வேண்டும். அதை அங்குள்ள சபைதான் பெற்றுத் தர வேண்டும்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. ஜெபிக்கலாம், நோயாளி விரும்பினால். ஆனால் மருந்து வாங்கிய பிறகு, வெளியேறும் வழியில், தனியாக ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவரைப் பிரசங்கம் கேட்க வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பது கூடவே கூடாது. காய்ச்சலோடு பிள்ளையைத் தோளில் போட்டு நிற்கும் தாய் எதற்கும் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எண்ணிக் கணக்கெழுதுவது அவளுக்கும் அநியாயம், தேவனுக்கும் உண்மையாகாது. சட்டமும் இருக்கிறது. பௌத்தம் அல்லாத மதத்தினர் பொது இடத்தில் பிரசாரம் செய்வதையும், வழிபாட்டு இடத்துக்கு வெளியே மத நூல்களை விநியோகிப்பதையும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்வதையும் கம்போடியா தடை செய்திருக்கிறது. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரணைக்குப் போகிறவர் அங்குள்ள போதகர். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

காசை அனுப்பிவிடலாமா என்றால், இரண்டும் வேண்டும் என்பேன். நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். முகாமில் கண்டுபிடிக்கும் நோய்களில் பல மூன்று நாளில் தீராதவை. இரத்த அழுத்தம் 180 உள்ளவர் மாவட்ட மருத்துவமனைக்குப் போக ஆட்டோ காசு இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார். மேலே சொன்ன ஆறு டிக்கெட்டின் காசில் மொழிபெயர்ப்பாளர் செலவு போக மிஞ்சுவதை அந்தப் போக்குவரத்துக்கென்று ஒதுக்குங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதியைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் தொலைபேசியில் அழைத்து, யார் போனார், யாருக்கு மருந்து தொடர்கிறது என்று வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதல்ல.

டிக்கெட் போடுவதற்கு முன் அங்குள்ள சபையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுகாதார நிலையத்துத் தாதி இந்த முகாமை விரும்புகிறாரா? அவர் மூன்று நாளும் உடன் உட்காருவாரா? அந்த ஊரில் எதற்கு ஆள் தேவை என்று அவர் சொல்கிறார்? பதில் வராவிட்டால் பயணத் தேதியைத் தள்ளிவையுங்கள்.

உங்கள் உடலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989 இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் வயதினருக்குப் பிறந்தபோது அது கிடைத்திருக்காது. இரத்தப் பரிசோதனை செய்து, பாதுகாப்பு இல்லையென்றால் மூன்று தவணை போட வேண்டும்; வழக்கமான முறையில் முடிய ஆறு மாதமாகும். டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் அதே கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். விடுமுறைக்குள் முடிய வேண்டுமென்றால் பரிசோதனைக்கு இந்த மாதமே போய்விடுங்கள்.