உரிமம் வாங்கி, அனுமதித்த எண்ணிக்கைக்குள் சுட்டால் அது நியாயமான வேட்டை ஆகிவிடுமா?

சட்டத்துக்கு அது போதும். ஆனால் சட்டம் கவலைப்படுவது பெரும்பாலும் ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையைப் பற்றி. வேட்டை அறம் பேசுவது எதிரில் நிற்கும் அந்த ஒரு விலங்கைப் பற்றி. குறி உறுதியில்லாத தூரத்தில் சுடாமல் விடுவது, காயத்தோடு ஓடியதைத் தேடிப் போவது, இதையெல்லாம் எந்த அதிகாரி கூடவே நின்று பார்ப்பார்? வேலிக்குள் அடைத்த விலங்கைச் சுடுவது சில இடங்களில் சட்டப்படி சரி. வேட்டைக்காரர்களிலேயே பலர் அதை வேட்டையாக ஒப்புவதில்லை. விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம், விதிகள் மீதான சண்டை. ஈயக் குண்டு நல்ல உதாரணம். சுட்டபின் நீர்நிலைகளின் அடியில் கிடக்கும் சிறு ஈயக் குண்டுகளை, இரையை அரைக்க விழுங்கும் பொடிக்கல் என்று வாத்துகள் விழுங்கும். அரைவைப்பையில் அது தேய்ந்து உடலில் நஞ்சேறும். அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. ஈயத்துக்குப் பதிலாக வந்த எஃகுக் குண்டு எடை குறைந்தது, சீக்கிரம் வேகம் இழக்கும், பறவை சாகாமல் காயத்தோடு பறந்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் எதிர்த்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் பறவையை இன்னும் கொஞ்சம் கிட்டே வரவிட்டுச் சுட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற பிரச்சினைதான் அது.